கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி

கல்லிடைக்குறிச்சி ஐயா நீலகண்ட சாஸ்திரி (ஆகஸ்ட் 12, 1892 – ஜூன் 15, 1975) தென்னிந்திய வரலாற்றை முதன்மைச் சான்றுகளின் அடிப்படையில் முறையாகத் தொகுத்து எழுதிய வரலாற்றாய்வாளர்களுள் முதன்மையானவர் ஆவார். சோழர், பாண்டியர், விசயநகர அரசுகள் ஆகியவை பற்றியும், தென்கிழக்காசியாவுடன் தென்னிந்தியா கொண்டிருந்த தொடர்புகள் பற்றியும் இவர் ஆய்ந்தார். அரசர்களின் போர்களோடு ஊராட்சி, வரி, நிலவுரிமை, வணிகம், கல்வி, சமயம் ஆகியவற்றையும் வரலாற்றின் பகுதிகளாகக் கொண்டு எழுதியதால், தமிழ்ச் சமூக வரலாற்றைக் கற்போரும் இவரது நூல்களிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் 1946 வரை இந்திய வரலாறு மற்றும் தொல்லியல் பேராசிரியராகப் பணியாற்றினார். 1957 ஆம் ஆண்டு இந்திய அரசின் பத்ம பூஷண் விருதைப் பெற்றார்.

இளமையும் கல்வியும்

நீலகண்ட சாஸ்திரி திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கரையில் உள்ள கல்லிடைக்குறிச்சியில், தெலுங்கு பேசும் அந்தணர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் இடைநிலைக் கல்வி (எஃப்.ஏ.) முடித்தபின், சென்னை கிறித்துவக் கல்லூரியில் பயின்றார். முதுகலைத் தேர்வில் சென்னை மாகாணத்திலேயே முதலிடம் பெற்றுத் தேறினார்.

ஆசிரியப் பணி

1913 இல் தாம் பயின்ற திருநெல்வேலி இந்துக் கல்லூரியிலேயே விரிவுரையாளராகச் சேர்ந்து 1918 வரை பணியாற்றினார். பின்னர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக 1918 முதல் 1920 வரை இருந்தார். அடுத்து சிதம்பரத்தில் கல்லூரி முதல்வர் பொறுப்பை ஏற்றார். அக்கல்வி நிறுவனமே பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1929 இல் திருச்சிராப்பள்ளி தேசியக் கல்லூரியில் சிறிது காலம் வரலாற்றுப் பேராசிரியராகப் பணிபுரிந்தார்.

அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய வரலாறு மற்றும் தொல்லியல் துறைக்குப் பேராசிரியராகத் தெரிவு செய்யப்பட்டார். 1914 இல் ஏற்படுத்தப்பட்ட அப்பதவியை முதலில் வகித்தவர் சாக்கோட்டை கிருஷ்ணசாமி ஐயங்கார் ஆவார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற நீலகண்ட சாஸ்திரி 17 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். அவரது புகழ்பெற்ற நூல்களுள் பல இக்காலத்திலேயே வெளிவந்தன.

1946 இல் ஓய்வு பெற்றபின்னும் இவரது கல்விப் பணி நிற்கவில்லை. 1952 முதல் 1955 வரை மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் பேராசிரியராகப் பணியாற்றினார். 1954 இல் மைசூர் மாநிலத் தொல்லியல் துறையின் இயக்குநராகவும் இருந்தார். 1957 முதல் 1972 வரை, யுனெசுகோ ஆதரவில் சென்னையில் இயங்கிய தென்கிழக்காசிய மரபுப் பண்பாடுகள் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். 1959 இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியராகத் தென்னிந்திய வரலாறு பற்றி விரிவுரைகள் ஆற்றினார்.

ஆய்வுப் பின்னணி

சாஸ்திரி எழுதத் தொடங்கிய காலத்தில் தமிழக வரலாற்றுக்கான சான்றுகள் பெருமளவில் கிடைத்திருந்தன. ஆனால் அவை தொகுக்கப்படாமல் இருந்தன. 1880களில் அரசின் கல்வெட்டுத் துறை முறையாகப் படியெடுக்கும் பணியைத் தொடங்கியது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890 இல் வெளிவந்தது. எனினும் படியெடுக்கப்பட்ட கல்வெட்டுகளில் மிகப் பல முழுமையாக அச்சேறவில்லை. ஆண்டறிக்கைகளில் ஓரிரு வரிச் சுருக்கமாக மட்டுமே அவை இடம்பெற்றன.

கல்வெட்டுகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான சோழர் கல்வெட்டுகள் தொடராண்டு எதையும் குறிப்பிடுவதில்லை. அரசனின் ஆட்சியாண்டை மட்டுமே தருகின்றன. இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களைச் சோழ அரசர்கள் மாறி மாறிச் சூடிக்கொண்டதால், இயற்பெயர் இல்லாத ஒரு கல்வெட்டு எந்த அரசனுடையது என்று முடிவு செய்வது எளிதன்று. எழுத்தமைதி, மெய்க்கீர்த்தி, வானியல் குறிப்புகள், குறிப்பிடப்படும் அதிகாரிகளின் பெயர்கள் ஆகியவற்றை ஒப்பிட்டே காலத்தைக் கணிக்க வேண்டும். இவ்வாறு ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் வரிசைப்படுத்தி ஒரு தொடர்ச்சியான வரலாற்றை உருவாக்கியதே சாஸ்திரியின் பெரும் பங்களிப்பு எனலாம். இலக்கியம், நாணயம், அயல்நாட்டார் குறிப்புகள் ஆகியவற்றையும் அவர் பயன்படுத்தினார். ஆயினும் இலக்கியம் கூறுவதைக் கல்வெட்டுச் சான்றுடன் ஒப்புநோக்கியே ஏற்றார்.

சோழர் வரலாறு

1929 இல் வெளிவந்த பாண்டிய அரசு பற்றிய நூலும், 1932 இல் வெளிவந்த சோழர் வரலாறு மற்றும் நிருவாகம் பற்றிய கட்டுரைகளும் இவரது பெருநூலுக்கு முன்னோடிகளாக அமைந்தன. சோழர்கள் என்னும் நூலின் முதல் தொகுதி 1935 இலும், இரண்டாம் தொகுதி 1937 இலும் வெளியாயின. திருத்திய பதிப்பு 1955 இல் வெளிவந்தது.

9 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விசயாலயனில் தொடங்கி 13 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி வரையிலான அரசியல் வரலாற்றை இந்நூல் விரிவாகக் கூறுகிறது. அதன்பின் அரசு நிருவாகம், ஊராட்சி, வரி, சமூகப் பிரிவுகள், வேளாண்மை, நிலவுரிமை, தொழில், வணிகம், நாணயம், கல்வி, சமயம், இலக்கியம், கலை ஆகியவற்றுக்குத் தனித்தனி இயல்கள் உள்ளன. முதலாம் பராந்தகனின் 12 ஆம், 14 ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் கொண்டு, குடவோலை முறையையும் சபையின் வாரியங்களையும் இவர் விளக்கியது பின்னர் பாடநூல்கள் வழியாகப் பரவலாக அறியப்பட்டது.

வலுவான மைய அரசும், ஊர், சபை, நகரம், நாடு ஆகிய உள்ளூர் அவைகளின் தன்னாட்சியும் ஒருங்கே இருந்தன என்பதே சோழ அரசு பற்றிய இவரது முடிவாகும்.

தென்கிழக்காசியத் தொடர்புகள்

முதலாம் இராசேந்திரன் 1025 அளவில் கடாரத்தின் மீது மேற்கொண்ட கடற்படையெடுப்பு இவரைத் தென்கிழக்காசிய ஆய்வுக்கு இட்டுச் சென்றது. பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேசு 1918 இல் ஸ்ரீவிசயப் பேரரசை அடையாளம் காட்டியிருந்தார். அவ்வழியில் சாஸ்திரி, தமிழ்க் கல்வெட்டுகளையும் தென்கிழக்காசியச் சான்றுகளையும் சீனக் குறிப்புகளையும் இணைத்து ஆய்ந்தார். 1949 இல் ஸ்ரீவிசய வரலாறு பற்றிய இவரது நூல் வெளிவந்தது.

கொங்கு நாடும் சேலம், நாமக்கல் சமவெளியும்

காவிரிக்கு வடக்கே உள்ள சேலம், நாமக்கல் பகுதிகள் சாஸ்திரியின் நூல்களில் பெரும்பாலும் பேரரசுகள் மோதிக்கொண்ட எல்லைப்புறமாகவே இடம்பெறுகின்றன. சங்க காலத்துத் தகடூர் அதியமான்களும் கொல்லிமலை ஓரியும் சேரர் வரலாற்றின் ஊடே வருகின்றனர். 8 ஆம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன், காவிரியின் வடகரையில் ஆயிரவேலி, அயிரூர், புகழியூர் ஆகிய இடங்களில் அதியமானை வென்றதைச் செப்பேட்டுச் சான்று கொண்டு பாண்டிய வரலாற்றில் சேர்த்துள்ளார். அதியமானுக்குத் துணையாகப் பல்லவரும் சேரரும் வந்தும் பயனில்லாமல் போயிற்று. நாமக்கல் மலையைக் குடைந்து எடுக்கப்பட்ட நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகள் ஏறத்தாழ இக்காலத்து அதியர் மரபினருடையவை ஆகும். முதலாம் ஆதித்த சோழன் கொங்கு நாட்டைக் கைப்பற்றினான் என்ற செய்தி, கொங்குதேச ராசாக்கள் என்னும் பிற்கால வரலாற்று ஏட்டில் காணப்படுகிறது.

இப்பகுதி மக்களின் வரலாற்றை உள்ளிருந்து எழுதத் தேவையான சான்றுகள் பல சாஸ்திரியின் பெருநூல்கள் வெளிவந்த பின்னரே தெளிவாயின. புகளூர்க் குகைக் கல்வெட்டுகளில் மூன்று தலைமுறைச் சேரர் பெயர்கள் இருப்பதை ஐராவதம் மகாதேவன் 1965 இல் விளக்கினார். தருமபுரி, செங்கம் வட்டாரங்களின் நடுகற்கள் பெருமளவில் கண்டறியப்பட்டு வெளியிடப்பட்டதும் பிற்காலத்திலேயே ஆகும். அசோகர் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் யார் என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட வினா. 1981 இல் கண்டறியப்பட்ட சம்பைக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைச் சத்தியபுதோ என்று குறித்து அவ்வினாவுக்கு விடை தந்தது. அப்போது சாஸ்திரி மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாணவர்கள்

பல்கலைக்கழகத்தில் இவர் வழிகாட்டிய மாணவர்கள் தென்னிந்திய வரலாற்றின் வெவ்வேறு காலப்பகுதிகளை ஆய்ந்தனர். பல்லவர் கால நிருவாகத்தையும் சமூக வாழ்வையும் ஆய்ந்த சி. மீனாட்சி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் ஆவார். அவரது ஆய்வு 1938 இல் நூலாக வெளிவந்தது. காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் வரலாற்றுச் சிற்பங்கள் பற்றிய அவரது ஆய்வு, 1940 இல் அவர் இளம் வயதிலேயே காலமான பின் 1941 இல் வெளியிடப்பட்டது. விசயநகர கால நிருவாகத்தையும் சமூக வாழ்வையும் ஆய்ந்த டி. வி. மகாலிங்கமும் குறிப்பிடத்தக்கவர். நே. வேங்கடரமணய்யாவுடன் இணைந்து சாஸ்திரி பதிப்பித்த விசயநகர வரலாற்றுச் சான்றுகள் மூன்று தொகுதிகளாக 1946 இல் வெளிவந்தன.

விமர்சனங்கள்

சாஸ்திரியின் முடிவுகள் இரு திசைகளிலிருந்து கேள்விக்கு உள்ளாயின. முதலாவது, பண்பாடு பற்றியது. தென்னிந்தியப் பண்பாட்டின் வளர்ச்சியில் வடமொழி மரபுக்கும் ஆரியர் வருகைக்கும் இவர் மிகுதியான இடம் அளித்தார் என்றும், தமிழ் மரபின் தனித்தன்மையைக் குறைத்து மதிப்பிட்டார் என்றும் தமிழறிஞர் பலர் கருதினர். பழந்தமிழ் இலக்கியங்களைப் பொருள் கொள்வதில் இவர் எஸ். வையாபுரிப் பிள்ளை முதலிய அறிஞர்களைச் சார்ந்திருந்தார் என்று பிற்கால ஆய்வாளர்களும் சுட்டியுள்ளனர். பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதியதால், இவரது நூல்கள் தமிழ் மட்டும் அறிந்த வாசகர்களை மொழிபெயர்ப்பு வழியாகவே சென்றடைந்தன.

இரண்டாவது, அரசின் இயல்பு பற்றியது. அமெரிக்க வரலாற்றாய்வாளர் பர்டன் ஸ்டெயின் 1980 இல் வெளியிட்ட நூலில், வலுவான மைய அரசும் தன்னாட்சி பெற்ற ஊரவைகளும் ஒருங்கே இருந்தன என்பது முரண்பாடு என்று வாதிட்டார். ஆப்பிரிக்கச் சமூகங்களைப் பற்றிய மானிடவியல் ஆய்விலிருந்து பெற்ற கூறாக்க அரசு என்னும் கருத்தை அவர் சோழர்களுக்குப் பொருத்தினார். ஒய். சுப்பராயலு, ஜப்பானிய அறிஞர் நொபொரு கராசிமா ஆகியோர் கல்வெட்டுகளில் வரும் பெயர்கள், பட்டங்கள், வரிச் சொற்கள் ஆகியவற்றைப் புள்ளியியல் முறையில் ஆய்ந்தனர். சோழர் காலத்தின் வெவ்வேறு கட்டங்களில் நிலவுரிமையும் அதிகார அமைப்பும் மாறி வந்தமையை அவர்கள் காட்டினர். நானூறு ஆண்டுக் காலச் சான்றுகளை ஒரே சித்திரமாகத் தொகுத்ததே சாஸ்திரி முறையின் குறை என்பது இவ்வாய்வுகளால் தெளிவாயிற்று.

எனினும் இவ்விமர்சகர்கள் அனைவரும் சாஸ்திரி வகுத்த காலவரிசையையும், அவர் திரட்டிய சான்றுகளையும் அடிப்படையாகக் கொண்டே தம் ஆய்வைத் தொடங்கினர் என்பது குறிப்பிடத்தக்கது.

முதன்மை நூல்கள்

இவரது நூல்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அவற்றின் பெயர்கள் இங்கு தமிழில் தரப்பட்டுள்ளன.

பாண்டிய அரசு (1929)
சோழர் வரலாறும் நிருவாகமும் பற்றிய ஆய்வுகள் (1932)
சோழர்கள் (1935, 1937)
தென்னிந்தியா பற்றிய அயல்நாட்டார் குறிப்புகள் (1939)
ஸ்ரீவிசய வரலாறு (1949)
நந்தர், மௌரியர் காலம் (பதிப்பாசிரியர், 1952)
தென்னிந்திய வரலாறு (1955)
தென்னிந்தியாவில் சமய வளர்ச்சி (1963)
தமிழரின் பண்பாடும் வரலாறும் (1964)

இவற்றுள் தென்னிந்திய வரலாறு என்னும் நூல், தொல்பழங்காலம் முதல் விசயநகரத்தின் வீழ்ச்சி வரையிலான வரலாற்றை ஒரே தொகுதியில் கூறுவது. பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாகப் பயன்பட்ட இந்நூலின் நான்காம் பதிப்பு, ஆசிரியர் மறைந்தபின் 1976 இல் வெளிவந்தது. சோழர்கள் நூலும் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது.

மறைவு

நீலகண்ட சாஸ்திரி ஜூன் 15, 1975 அன்று தமது 82 ஆம் வயதில் காலமானார். திருநெல்வேலியில் விரிவுரையாளராகத் தொடங்கி, மரபுப் பண்பாடுகள் நிறுவனத்தின் பொறுப்பிலிருந்து 1972 இல் விலகும் வரை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இவர் கல்விப் பணியில் இருந்தார்.