ரிஃபார்மர் பிலாட்டீஸ்: இந்தக் கட்டிலை உருவாக்கிய மனிதர் யார்?

ரீல்ஸில் அடிக்கடி கண்ணில் படும் காட்சிதான். கட்டில் மாதிரி நீளமாக ஒரு சட்டம். அதில் முன்னும் பின்னும் உருளும் பலகை, அடியில் ஸ்பிரிங், இழுப்பதற்கு இரண்டு கயிறு. படுத்துக்கொண்டே காலால் உந்துகிறார்கள். பார்க்கச் சொகுசாகத்தான் இருக்கும், பத்து நிமிஷம் செய்தால் தொடை நடுங்கும். இதன் பெயர் ரிஃபார்மர்.

இதை உருவாக்கியவர் ஜோசப் ஹூபர்டஸ் பிலாட்டீஸ். ஆமாம், பிலாட்டீஸ் என்பது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். அவர் தன் பயிற்சி முறைக்கு வைத்த பெயர் கன்ட்ராலஜி, அதாவது உடலைக் கட்டுப்பாட்டில் வைக்கும் கலை.

1883 டிசம்பர் 9-ம் தேதி ஜெர்மனியின் மோன்ஷன்கிளாட்பாக் நகரில் பிறந்தார். ஆஸ்துமா, ரிக்கெட்ஸ், ருமாட்டிக் காய்ச்சல் என்று சின்ன வயதில் படாத பாடில்லை. அந்த நோஞ்சான் பையன்தான் ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை என்று ஒவ்வொன்றாகப் பழகி உடம்பைத் தேற்றிக்கொண்டான்.

1912 வாக்கில் இங்கிலாந்துக்குப் போனார். இரண்டே வருடத்தில் முதல் உலகப் போர் வெடித்தது. அங்கிருந்த ஜெர்மானியர்கள் எல்லாம் எதிரி நாட்டவர் ஆனார்கள். பிலாட்டீஸையும் பிடித்து முகாமில் அடைத்தார்கள். கடைசியாக இருந்தது ஐல் ஆஃப் மேன் தீவின் நாக்கலோ முகாமில்.

அங்கே படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்காக, கட்டில் ஸ்பிரிங்குகளையே கழற்றி மாட்டி உடற்பயிற்சிக் கருவி செய்தார் என்பார்கள். 1918 ஃப்ளூவில் அவரிடம் பயிற்சி எடுத்த ஒருவர்கூடச் சாகவில்லை என்றும் ஒரு கதை உலாவுகிறது. இரண்டாவது, ஆளைச் சுற்றி வளர்ந்த கதை. அதை நம்பி வகுப்பில் சேர வேண்டாம்.

ஆனால், கட்டில் கதை கருவியின் சூட்சுமத்தைப் புரியவைக்கிறது. படுத்த நிலையில் உடல் எடை முழுவதும் முட்டி, முதுகு மேல் இறங்காது. எதிர்விசையை ஸ்பிரிங் தருகிறது. டம்பெல் எங்கே தூக்கினாலும் அதே எடைதான். ஸ்பிரிங் அப்படியல்ல, இழுக்க இழுக்க இறுகும், விட்டால் உங்களையும் சேர்த்து இழுக்கும். உந்துவது பாதி வேலைதான். பலகை படாரென்று வந்து மோதாமல் நிதானமாகத் திரும்பக் கொண்டுவருவதுதான் மீதி. அவர் சொன்ன கட்டுப்பாடு இதுதான்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு வழக்கமாக முதலில் வருவது ஃபுட்வொர்க். மல்லாந்து படுத்து, தோளைத் தாங்கிகளில் பொருத்தி, பாதத்தைக் கம்பியில் வைத்துக் காலை நீட்டி மடக்க வேண்டும். இங்கேதான் பலருக்கும் ஒரு தப்புக் கணக்கு. ஸ்பிரிங்கைக் குறைத்தால் ஈஸி என்று நினைப்பார்கள். ஃபுட்வொர்க்கில் அது சரி. பலகை மேல் பிளாங்க் நிற்கும்போது கதையே மாறிவிடும். ஸ்பிரிங் குறைந்தால் பலகை ஓடப் பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்த வயிற்றுத் தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டும். முதுகுவலி, கர்ப்பம், பழைய அறுவை சிகிச்சை ஏதாவது இருந்தால் பயிற்சியாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

1926-ல் பிலாட்டீஸ் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அந்தப் பயணத்தில்தான் கிளாராவைச் சந்தித்தார். இருவரும் நியூயார்க்கின் எட்டாவது அவென்யூவில் பயிற்சிக்கூடம் தொடங்கினார்கள். கருவிக்கு 1927-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அடிபட்ட நடனக் கலைஞர்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். ஜார்ஜ் பாலன்சின், மார்த்தா கிரஹாம் போன்ற பெரிய நடன மேதைகளின் வட்டத்தில் அவர் பெயர் பரவியது.

1945-ல் வந்த அவரது புத்தகத்தில் 34 பயிற்சிகள் இருக்கின்றன. எல்லாமே தரையில் பாய் விரித்துச் செய்பவை, மெஷினே வேண்டாம். ரிஃபார்மர் வகுப்புக் கட்டணத்தைப் பார்த்து மலைப்பவர்களுக்கு இது நல்ல சேதி.

நடன உலகம் கொண்டாடினாலும், அவர் ஏங்கியது மருத்துவ உலகின் அங்கீகாரத்துக்கு. அது கடைசிவரை அவர் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. காலத்துக்கு 50 வருடம் முன்னால் வந்துவிட்டதாகக் குறைபட்டுக்கொள்வார். இன்று பிசியோதெரபிஸ்ட்கள் பலர் ரிஃபார்மரைப் பயன்படுத்துகிறார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை. மூச்சுப் பயிற்சியை அத்தனை வலியுறுத்தியவர், ஆனால் சுருட்டுப் பிரியர். எம்ஃபிசீமா என்ற நுரையீரல் நோயால் 1967 அக்டோபர் 9-ம் தேதி, 83 வயதில் இறந்தார். கிளாரா சில வருடங்கள் கூடத்தை நடத்திவிட்டு 1977-ல் காலமானார்.

அதன் பிறகு அவரிடம் படித்தவர்கள் ஆளுக்கொரு விதமாகக் கற்பித்தார்கள். பெயர் யாருக்குச் சொந்தம் என்று வழக்கே நடந்தது. பிலாட்டீஸ் என்பது யோகா, கராத்தே மாதிரி ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர், யாரும் அதற்கு வணிக உரிமை கோர முடியாது என்று 2000-ல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் போர்டு மாட்டலாம் என்றானது. ஒரே பெயரில் இயங்கும் இரண்டு ஸ்டூடியோக்களில் பாடம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பணம் கட்டுவதற்கு முன், சொல்லித்தருபவர் ரிஃபார்மரை எங்கே, எவ்வளவு காலம் கற்றார் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.