டானியல் வெசன்

டானியல் பேர்ட் வெசன் (மே 18, 1825 - ஆகஸ்ட் 4, 1906) ஐக்கிய அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளரும் தொழிலதிபரும் ஆவார். ஹொரேஸ் ஸ்மித்துடன் இணைந்து ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்.

வாழ்க்கை

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் பிறந்த இவர், துப்பாக்கி செய்பவரான தமையன் எட்வினிடம் தொழில் பயின்றார். 1852-ல் ஸ்மித்துடன் தொடங்கிய முதல் கூட்டுத் தொழில் சில ஆண்டுகளில் பிறர் கைக்கு மாறியது. 1856-ல் இருவரும் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் மீண்டும் தொழில் தொடங்கினர்.

முதலாம் மாதிரி

அக்காலச் சுழல் துப்பாக்கிகளில் வெடிமருந்தையும் குண்டையும் உருளையின் முன்புறமாக இட்டு நிரப்ப வேண்டியிருந்தது. வெசன் இவை அனைத்தும் செப்பு உறைக்குள் அடங்கிய .22 தோட்டாவை உருவாக்கினார். அதற்கென ஏழு தோட்டாக்கள் கொள்ளும் முதலாம் மாதிரி 1857-ல் வெளிவந்தது.

காப்புரிமை

தோட்டாவைப் பின்புறமாக இட உதவும், முழுதும் துளையிடப்பட்ட உருளைக்கான காப்புரிமை ரோலின் வைட் என்பவருக்குரியது. துப்பாக்கி ஒன்றுக்கு 25 சென்ட் தருவதாக நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. ஆனால் காப்புரிமையைக் காக்கும் வழக்குகளின் செலவு வைட்டையே சேர்ந்தது. நிறுவனம் செழித்தது, வைட்டின் வருவாயில் பெரும்பகுதி வழக்குகளில் கரைந்தது. காப்புரிமை 1869-ல் காலாவதியானது. வைட்டுக்கு உதவும் சட்டமுன்வரைவைக் குடியரசுத் தலைவர் கிராண்ட் 1870-ல் நிராகரித்தார்.

சேகரிப்பாளர்களிடையே

1860 வரை தயாரான முதல் வெளியீட்டுத் துப்பாக்கிகள் சேகரிப்பாளர்களால் பெரிதும் விரும்பப்படுகின்றன. சிறிய வட்டமான பக்கத் தகடு இவற்றை அடையாளங்காண உதவும். இந்நிறுவனம் 1930-களில் வெளியிட்ட கே-22 என்னும் இலக்குத் துப்பாக்கியும் அதே .22 விட்டத்தையே கொண்டிருந்தது.