பம்பாய்த் தாய்மார்களைக் காத்த லூசி அம்மையார்

1888-ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் அருகே பிறந்தவர் லூசி வில்ஸ். லண்டனில் மருத்துவம் படித்தவர். 1928-ல் பம்பாய் வந்து ஹாஃப்கின் நிலையத்தில் ஆராய்ச்சியை மேற்கொண்டார்.

அந்நாளில் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகள் பலர் கடும் ரத்த சோகைக்குப் பலியாயினர். கிருமிதான் காரணமோ என்று அம்மையார் சோதித்தார், இல்லை. அடுத்து அவர்கள் சாப்பாட்டைக் கவனித்தார். காய்கறியும் பழமும் அதில் மிகக் குறைவு. அதே சாப்பாட்டைக் குரங்குகளுக்குக் கொடுத்தார்; அவற்றுக்கும் சோகை கண்டது. ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்ததும் தேறின. தாய்மார்களும் பிழைத்தனர். ஈரல் மருந்தைவிட அது மலிவு, சைவர்களும் சாப்பிடலாம். 1931-ல் இம்முடிவு வெளியாயிற்று. இடையே குன்னூரிலும் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் பணியாற்றினார்.

மார்மைட்டில் இருந்த சத்து 'வில்ஸ் காரணி' எனப்பட்டது. 1941-ல் பாலக் கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. பி வைட்டமின்களில் ஒன்றான இது குறைந்தால் ரத்த அணுக்கள் முதிராமலே பெருத்துவிடும். சிசுவின் தண்டுவடமும் பழுதாகலாம்.

1964-ல் அம்மையார் மறைந்தார். கர்ப்பிணிகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் தரும் இரும்புச் சத்து மாத்திரையில் அவர் கண்ட சத்தும் சேர்ந்தே இருக்கிறது. அதை வீணாக்காமல் விழுங்க வேண்டும்.