தெரியாததைத் தேடிச் சென்ற தமிழாசிரியர்

காந்தி மார்க்கெட்டுக்கு அண்மையில் உயர்ந்து நிற்கும் மலைக்கோட்டை, திரிசிரபுரம் என்னும் நம் நகரின் அடையாளமாகும். அந்நகரின் பெயரையே அடைமொழியாகக் கொண்டவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவரிடம் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பயின்று சிறந்தவர் உ.வே. சாமிநாதையர். 1855 பிப்ரவரி 19 அன்று பிறந்த ஐயர், 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பொறுப்பேற்றார்.

அவ்வாண்டு அக்டோபரில், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாக எடுத்துரைத்தார். முதலியாரோ அவற்றில் மனங்கொள்ளாது, சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டா என வினவினார். இருபத்தைந்து வயதுக் கல்லூரி ஆசிரியருக்கு அவ்வினா உறுத்தலாகவே இருந்தது. எனினும், நூல் கிடைத்தால் படித்தறியலாம் என்னும் நம்பிக்கையோடு அதன் பிரதியைப் பெற்றார்.

படிக்கத் தொடங்கியபின்னரே இடர் விளங்கிற்று. திருத்தக்கதேவரின் அக்காப்பியத்தில் அவர் அதுவரை கேட்டிராத சமய மரபுகளும் கலைச்சொற்களும் நிறைந்திருந்தன. நச்சினார்க்கினியர் உரையில் காட்டப்பட்ட மேற்கோள்கள் எந்நூல்களைச் சேர்ந்தவை என்பதும் புலப்படவில்லை. சைவ நூல்களில் பெற்ற பெரும் புலமை இங்கே போதவில்லை.

அந்நிலையில் அவர் சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் முதலிய அன்பர்களை அணுகியபோது, சிந்தாமணியைப் படித்து முடித்த நிறைவை அவர்கள் கொண்டாடிக்கொண்டிருந்தனர். ஏடுகளில் விளங்காதிருந்தது, வழிபாட்டோடும் வாழ்வோடும் இயைந்து அவ்வில்லங்களில் விளங்கிக்கொண்டிருந்தது. கல்லூரி ஆசிரியர் மாணவராக அமர்ந்து ஒவ்வோர் ஐயமாகக் கேட்டறிந்தார். பிற சமயத்தவராயினும் அவருடைய ஆர்வத்தைக் கண்டு மகிழ்ந்த நம் முன்னோர், அவரைப் பவ்ய ஜீவன் எனக் கருதினர்.

மேற்கோள்களின் மூலத்தைத் தேடிய முயற்சி அவரைச் சங்க நூல்களிடம் கொண்டுசேர்த்தது. பல பிரதிகளை ஒப்பிட்டு, சொற்களையும் செய்திகளையும் குறித்துவைத்துப் பாடங்களைத் தெளிந்து, 1887இல் சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார். பின்னர்ப் பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. முதற்பதிப்போடு அவர் நின்றுவிடவுமில்லை. மேலும் திருந்திய சிந்தாமணிப் பதிப்புகளை 1907இலும் 1922இலும் கொணர்ந்தார். 1942 ஏப்ரல் 28 அன்று மறையும்வரை அவர் கற்பவராகவே வாழ்ந்தார்.

நம் பிள்ளைகள் நாளை கணினி நிறுவனத்திலோ, வங்கியிலோ, காந்தி மார்க்கெட்டுக் கடையிலோ பணிபுரியலாம். அங்கே எழும் சிக்கல்களுக்குப் பாடநூலின் இறுதியில் விடை அச்சிடப்பட்டிராது. தெரியாது என்பதை ஒப்புக்கொள்ளுதல், அறிந்தவரை நாடுதல், பலவற்றையும் ஒப்பிடுதல், குறித்துவைத்தல், மீண்டும் திருத்துதல் ஆகிய இவ்வைந்துமே ஐயர் கைக்கொண்ட வழி. மதிப்பெண் குறைந்த பிள்ளையை அறிவிலி என ஒதுக்காது, இன்னும் கற்கவேண்டியது எது என அவனோடு அமர்ந்து ஆராய்வது பெற்றோர் கடமையாகும்.

இப்பண்டிகை நாளில் ஒவ்வோர் இல்லத்திலும் சிந்தாமணியின் சில பாடல்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்போமாக. பொருள் விளங்காத இடங்களை அவர்களே குறித்து, பெரியோரிடம் கேட்டறியட்டும். கும்பகோணத்துச் சமணர் இல்லங்கள் அன்று செய்த தொண்டு, நம் இல்லங்களிலும் தொடர்வதாகுக.