அறிஞர் குமரப்பா

தஞ்சையில் 1892-ஆம் ஆண்டு பிறந்த ஜே. சி. குமரப்பா, இலண்டனில் கணக்கியல் கற்றுத் தேர்ந்து, பம்பாயில் தணிக்கையாளராய்ப் பெரும்பொருள் ஈட்டியவர். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் அவர்தம் வாழ்வு திசை மாறிற்று. 1934-இல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றவே, அதன் செயலாளராகி, தமிழகத்தை விட்டு வெகுதொலைவிலுள்ள வார்தாவில் தங்கினார்.

ஆலையில் தீட்டிய வெள்ளரிசியே நாகரிக உணவென்று மக்கள் மயங்கிய காலம் அது. தீட்டத் தீட்டத் தவிடும் முளையும் நீங்கும். பெரிபெரி நோயைத் தடுக்கும் உயிர்ச்சத்தும் அவற்றோடு போய்விடும். குமரப்பா இவ்விழப்பையும், நெல் குற்றிப் பிழைத்த ஏழைப் பெண்டிர் இழந்த கூலியையும் ஒருங்கே கணக்கிட்டார். ஆலைக்கு வந்த இலாபம் ஊருக்கு நட்டமே எனத் துணிந்தார். கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம் ஆகியவற்றைப் பரப்புதலே அவர்தம் சங்கத்தின் பணியாயிற்று.

இறுதிக் காலத்தைத் தே. கல்லுப்பட்டியில் கழித்த அப்பெருந்தகை, 1960 ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், மதுரையில் மறைந்தார்.

அரிசியிலுள்ள சத்தை ஆலையில் விட்டுவிட்டு, அதனையே மருந்துக்கடையில் மாத்திரையாய் விலைகொடுத்து வாங்குதல் எவ்வகைச் சிக்கனம்? மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நாம், அத்தணிக்கையாளரின் கணக்கை நம் இல்லங்களிலும் ஒருமுறை போட்டுப் பார்ப்போமாக.