பிள்ளைகள் கற்றுத்தந்த செபம் - புனித சவேரியார்



திருவருகைக் காலம் வந்துவிட்டால் பழவேற்காட்டு மீனவக் கிராமங்களின் கத்தோலிக்க வீடுகளில் குடில் கட்டும் பேச்சு எழும். ஆனால் குடில் வைக்காத வீட்டில் பிறந்து, வளர்ந்த பிறகு திருமுழுக்குப் பெற்ற தந்தையும் தாயும் நம்மிடையே உண்டு. தாங்கள் சிறுவயதில் காணாத ஒன்றைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்ற தயக்கம் அவர்கள் உள்ளத்தில் இருக்கும். அவர்களுக்கு வழிகாட்டக்கூடியவர், டிசம்பர் 3 அன்று நாம் நினைவுகூரும் புனித சவேரியார்.

அவர் 1506-ஆம் ஆண்டு நவார் நாட்டில், ஒரு கோட்டையில் பிரபுக் குடும்பத்தின் பிள்ளையாகப் பிறந்தார். பாரிஸ் நகரில் படிக்கும்போது புனித இஞ்ஞாசியாரின் நட்பு அவர் வாழ்வையே மாற்றியது. 1534-ல் இருவரும் மற்றத் தோழர்களோடு இறைவனுக்கு வாக்குறுதி கொடுத்தனர். இயேசு சபைக் குருவாக 1542 மே மாதம் கோவா வந்து சேர்ந்தவர், அந்த ஆண்டின் இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

அங்கே அவர் கண்டது என்ன? சில ஆண்டுகளுக்கு முன்புதான் அந்தக் கடற்கரை மக்கள் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். கிறிஸ்தவர் என்ற பெயர் இருந்தது. ஆனால் செபம் தெரியாது. சொல்லித்தர அவர்கள் மொழி அறிந்த குருக்களும் இல்லை. பாட்டி வாயிலிருந்து கேட்ட செபம் என்று எந்த வீட்டிலும் எதுவும் இல்லை. எல்லாரும் முதல் தலைமுறையினர்.

சவேரியாருக்கும் தமிழ் தெரியாது. தமிழ் அறிந்தவர்களின் துணையோடு சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம் ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை எடுத்துத் தெருத்தெருவாக அடித்துக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டினார். சாப்பிடவும் தூங்கவும் விடாமல் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

கற்ற செபத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லித்தருமாறு அவர்களிடம் சொன்னார். நோயாளிகளின் வீடுகளுக்குச் செபிக்கவும் பிள்ளைகளையே அனுப்பினார். வலை இழுத்துக் களைத்து வந்த தந்தை, தன் மகனிடமிருந்து செபம் கற்றுக்கொண்டார்! ஒவ்வோர் ஊரிலும் செபங்களை எழுதிக் கொடுத்து, மக்களைக் கூட்டிச் செபிக்க ஒருவரை ஏற்படுத்திவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தார்.

1544-ல் படையெடுப்புக்கு அஞ்சி மக்கள் குமரி முனைப் பாறைகளில் தவித்தபோது, உணவோடு தோணிகளில் புறப்பட்டார். எதிர்க்காற்று தடுக்க, நடந்தே போய்ச் சேர்ந்தார். செபம் கற்பித்தவர் அவர்கள் பசியையும் தன் பசியாக எண்ணினார்.

1545-ல் நம் மயிலாப்பூரில் புனித தோமாவின் கல்லறை அருகே சில மாதங்கள் தங்கிச் செபித்தார். பின் மலாக்கா, 1549-ல் ஜப்பான் என்று பயணம் தொடர்ந்தது. சீனாவுக்குள் நுழையக் காத்திருந்த நிலையில், 1552 டிசம்பர் 3 அன்று சான்சியன் தீவில் ஒரு குடிசையில் உயிர் துறந்தார்.

அதே டிசம்பரில், அவர் நற்செய்தி அறிவித்த ஜப்பானின் யாமாகுச்சி நகரில், புதிய கிறிஸ்தவர்கள் கிறிஸ்து பிறப்பு விழாவைக் கூடிக் கொண்டாடினார்கள். ஜப்பானின் முதல் கிறிஸ்து பிறப்பு விழா என்று அது போற்றப்படுகிறது. அவர்களில் ஒருவருக்கும் சிறுவயது நினைவாக அந்த விழா இருந்ததில்லை. ஆனாலும் அன்று ஒரு மரபு தொடங்கியது.

அன்பான பெற்றோரே, நமக்கு யாரும் கொடுக்கவில்லையே என்று கலங்க வேண்டாம். மறைக்கல்வி வகுப்பில் உங்கள் பிள்ளை கற்ற செபத்தை இன்றிரவு உங்களுக்குச் சொல்லித்தரக் கேளுங்கள். ஏரிக்கரை மணலையும் பழைய வலைத்துண்டையும் கொண்டு அவர்களோடு சிறு குடில் கட்டுங்கள். நள்ளிரவுத் திருப்பலிக்குக் குடும்பமாகச் செல்லுங்கள். விழாவன்று, விழா இல்லாத பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டுச் சோறு பிள்ளையின் கையால் அனுப்புங்கள். அடுத்த ஆண்டும் அதையே செய்யுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அது தாத்தா பாட்டி வீட்டு வழக்கமாக இருக்கும்.

புனித சவேரியாரே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!