பல புராணங்கள் பாடிய பெருந்தகை

வில்லியனூரில் எழுந்தருளியுள்ள திருக்காமேசுவரப் பெருமானது தலப்பெருமையைக் கூறுவது வில்லைப் புராணம். அதனை 1940-ஆம் ஆண்டில் அச்சேற்றித் தமிழுலகிற்கு உதவியவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர். அந்நூல் பிற்காலத்தார் கைக்குக் கிடைத்தமைக்கு ஐயரவர்கள் தலபுராணங்களின்பாற் கொண்டிருந்த பற்றே காரணம். அப்பற்று, 1871 முதல் தம் ஆசிரியர் அருகிலிருந்து, அவர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதிய நாட்களில் வேரூன்றியது எனலாம். அவ்வாசிரியரே திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். புதுவைச் சவராயலு நாயகரும் அவரிடம் பாடங்கேட்டவர். ஆதலின் புதுவை நாட்டார்க்குப் பிள்ளையவர்கள் அயலார் அல்லர்.

பிள்ளையவர்கள் பிறந்தது 1815-ஆம் ஆண்டு. தந்தையார் மதுரைத் திருக்கோயிலில் முத்திராதிகாரியாக இருந்த சிதம்பரம் பிள்ளை; தாயார் அன்னத்தாச்சி. ஆலவாய்ப் பெருமானிடத்துக் கொண்ட அன்பினால் மகனுக்கு அத்திருநாமத்தையே இட்டனர். இளமையிலேயே தந்தையாரை இழந்த அவர், தமிழ் அறிந்தார் எங்கிருப்பினும் தேடிச் சென்று கற்றார். தண்டியலங்காரத்தில் வல்ல பரதேசி ஒருவர் திரிசிரபுரத்தில் பிச்சையெடுத்துத் திரிந்தபொழுது, அவர் பின்னேயே தெருத்தெருவாகச் சென்று அந்நூலைக் கேட்டறிந்த செய்தி யாவரும் அறிந்ததே. பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்தின் அன்பைப் பெற்றார். அம்பலவாண தேசிகர் அவருக்கு மகாவித்துவான் என்னும் பட்டத்தை வழங்கியருளினார்.

அவர் இயற்றிய புராணங்கள் 22, பிள்ளைத்தமிழ் 10, அந்தாதி, மாலை, கோவை, கலம்பகம் முதலியன வேறு. ஒருவர் வாழ்நாளில் இவை அனைத்தும் எங்ஙனம் முற்றுப்பெற்றன என வினவுவார்க்கு விடை ஒன்றே. ஒன்றை முடித்துப் பின்னரே மற்றொன்றைத் தொடங்குவது அவர் வழக்கமன்று. ஒரு தலத்துப் புராணம் நடந்துகொண்டிருக்கும்பொழுதே மற்றொரு பெருமான் மீது மாலையோ அந்தாதியோ தொடங்கப்பெறும். அன்பர் ஒருவர் வந்து வேண்டினால் அவர்க்கென ஒரு சிறப்புப்பாயிரமும் அன்றே பிறக்கும்.

இதற்கு அவர் மேற்கொண்ட முறை அறியத்தக்கது. வடமொழியிலுள்ள தல மான்மியத்தை முதலிற் தமிழ் வசனமாக மொழிபெயர்த்து வைத்துக்கொள்வார். வரலாற்றின் போக்கு முழுவதும் உள்ளத்தில் அமைந்தபின் செய்யுட்களைச் சொல்லுவார். தாம் எழுதுவது அரிது. மாணாக்கர் ஒருவர் எழுத்தாணியுடன் அருகில் இருப்பார். சொல்லும் விரைவுக்குக் கை ஈடு கொடாமல் எழுதுபவர் இளைத்துப்போன கதைகளும் உண்டு. இடையே ஒருவர் பாடங்கேட்க வருவார். வேறொருவர் வழக்குச் செய்தி பேச வருவார். அவர்களுக்கு வேண்டியதைச் செய்து அனுப்பிவிட்டு, விட்ட அடியிலிருந்தே தொடங்குவார். அம்பர்ப் புராணம் நெடுநாள் இடையில் நின்றிருந்தது. பின்னர் அதனை மீண்டும் எடுத்துப் பாடினார்.

பாடம் சொல்லுவதிலும் இதே நிலைதான். ஒருவர் பிள்ளைத்தமிழ் கேட்பார், மற்றொருவர் நைடதம் கேட்பார். எவர்க்கும் முகங்கோணுதல் இல்லை. மாயூரத்தில் இருந்தகாலத்தில் மரம் செடிகள் வைத்து வளர்ப்பதில் அவருக்குப் பேரார்வம். விடியலில் எழுந்து ஒவ்வொரு செடியாக நின்று, எங்கே புதிதாகத் தளிர் விட்டிருக்கிறது என்று பார்ப்பார். ஐயரவர்கள் முன்னதாகவே எழுந்து தளிர்களைக் கண்டுவைத்து ஆசிரியருக்குக் காட்டுவார். அம்மகிழ்ச்சியான வேளையில் பாடமும் எளிதாகக் கிடைத்தது.

இத்தனை விரைவாகப் பாடியதால் நாட்டுப் படலங்களும் நகரப் படலங்களும் ஒன்றுபோல் அமைந்துவிட்டன என்பாரும் உளர். அக்கூற்றில் சிறிது உண்மை உண்டு. மருத நில வருணனை ஊருக்கு ஊர் எவ்வளவுதான் மாறும்? ஆயினும் சேக்கிழார் பிள்ளைத்தமிழை ஓதியவர், விரைவினால் இவர் தமிழ் தளர்ந்தது என்று சொல்ல மாட்டார். மற்றொன்றையும் நினைத்தல் வேண்டும். அவரை வேண்டி வந்தவர்கள் தத்தம் ஊர்ப் பெருமானுக்குத் தமிழில் ஒரு புராணம் இல்லையே என்று ஏங்கியவர்கள். முதல் நூல் முடியட்டும், மூன்றாண்டு கழித்து வாருங்கள் என்று சொல்லியிருந்தால் சில தலங்களுக்குப் புராணமே அமைந்திராது.

இதனிடையே வறுமையும் அவரை விடவில்லை. கற்க வந்த மாணாக்கர் பலர்க்கு உண்டியும் உறையுளும் அளித்தவர் அவர். வருவாய் சிறிது, செலவு பெரிது, கடன் பெருகியது. திருப்பெருந்துறைப் புராணத்தை அங்கே சென்று பாடி அரங்கேற்றிய காலத்தில், வரும் பரிசு கடனைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையும் உடனிருந்தது. தீரவில்லை. உடல் தளர்ந்த பின்னும் செய்யுள் கூறுவதை அவர் நிறுத்தவில்லை.

1876-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் திருவாவடுதுறையில் அவர் இறைவன் திருவடி நிழலை அடைந்தார். கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளை என்னும் மாணாக்கர் மார்பில் அவரைச் சாய்த்துக் கொண்டிருந்தார். ஐயரவர்கள் திருவாசகத்து அடைக்கலப்பத்தை ஓதிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ 57 ஆண்டுகளுக்குப் பின்னர், 1933, 1934-ஆம் ஆண்டுகளில் அவரது சரித்திரம் இரண்டு பாகங்களாக அம்மாணாக்கர் கையாலேயே வெளிவந்தது.